பாடல்: மரபு

ஒரு குறுந்தகட்டின் உறையை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறேன். முன்பக்கம் பச்சை மலை, மேகம், முதுகில் கூடை தொங்கும் ஒரு பெண். எங்கள் ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கிறவர்கள் யாரும் அப்படிக் கூடை மாட்டுவதில்லை. அது ஏதோ தேயிலைத் தோட்டத்துப் படம். பின்பக்கம் ஏழாவது பாட்டுக்கு நேரே மூன்று விவரங்கள் அச்சாகியிருக்கின்றன. இசை என்ற இடத்தில் ஓர் ஆணின் பெயர். குரல் என்ற இடத்தில் என் பெயர், எழுத்துப் பிழையோடு. பாடல் என்ற இடத்தில் ‘மரபு’.

அந்தப் பாட்டின் முதல் நான்கு வரிகள் என் அம்மா காப்பித் தோட்டத்தில் பாடியவை. மிச்சம் பதினாறு வரிகளும் நான் எழுதியவை. மெட்டு பாதி அவளுடையது, பாதி என்னுடையது. சேலத்தில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரே மதியத்தில் பாடி முடித்து, ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு, கடைசிப் பஸ்ஸில் மலையேறினேன். தகடு வெளிவந்த பிறகு போன் போட்டுக் கேட்டேன். “கிராமியப் பாட்டுக்கு ஏதும்மா எழுதுனவங்க?” என்றார் அந்த மனிதர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. விவரம் தெரியாத பிள்ளைக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிற தோரணை.

அதற்குப் பிறகு நான் எந்தக் கூடத்துக்கும் போகவில்லை. வீட்டிலேயே பாடி, வீட்டிலேயே பதிந்து வைக்கிறேன். அந்த ‘மரபு’ என்ற சொல் மட்டும் தொண்டையில் சிக்கிய முள்ளாக இருந்தது. பாடுகிற பெண்ணைக் குரலாக மட்டும் எண்ணி, பாட்டை வேறு யாருடையதாகவோ, யாருடையதுமில்லாததாகவோ எழுதிவைக்கும் பழக்கம் எப்போது தொடங்கியது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். இந்தக் கட்டுரை அந்தத் தேடலில் கிடைத்தவற்றில் கொஞ்சம்.

முதலில் அம்மாவின் பாட்டு. சேர்வராயன் மலையில் காப்பி வந்தது 1820களில், சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் காலத்தில். கீழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. பறிப்புக் காலத்தில் ஆளுக்கொரு வரிசை. ஒருத்தி ஓர் அடி பாடினால் இரண்டு வரிசை தள்ளி இன்னொருத்தி அடுத்த அடியைப் போடுவாள். சில்வர் ஓக் மரங்களுக்கிடையில் பனி இறங்கிவிட்டால் ஆள் தெரியாது, குரல் மட்டும் வரும். அம்மாவின் நான்கு வரிகள் சாயங்காலம் பழம் அளக்கும் இடத்தைப் பற்றியவை. கூடையில் குவிந்திருந்த பழம் அளவுப் பெட்டிக்குள் போனதும் எப்படிச் சுருங்கியது என்று கேட்கும் பாட்டு. மேஸ்திரி காதில் விழுகிற தூரத்தில் அதையே சாமி பாட்டு மாதிரி இழுத்துப் பாடுவார்களாம். இதை எழுதியவர் இல்லை என்றால் எப்படி? குறிப்பிட்ட மேஸ்திரி, குறிப்பிட்ட பெட்டி, குறிப்பிட்ட வருஷத்துக் கூலி. யாரோ ஒருத்திக்குத்தான் அது முதலில் உறைத்திருக்கும்.

இந்த மலையின் பூர்வகுடிகளான மலையாளிகள் எங்களுக்கு முன்பே இங்கே இருந்தவர்கள். கேரளத்தோடு சம்பந்தமில்லை, தமிழ் பேசும் பழங்குடிகள். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட மூன்று சகோதரர்களின் வழிவந்தவர்கள் என்று அவர்களிடையே ஒரு கதை உண்டு. பெரியண்ணன் சேர்வராயன் மலையில் தங்கினான், மற்ற இருவர் பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் போனார்கள். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதி நூலிலும் இந்தக் கதை இருக்கிறது. அண்ணன் தம்பிகளுக்குப் பெயர் இருக்கிறது. மலையில் அவர்கள் மணந்த பெண்கள் இன்ன சாதி என்று இருக்கிறது. பெண்களுக்குப் பெயர் இல்லை. இதைப் படித்த அன்று என் தகட்டு உறையை எடுத்து மறுபடி பார்த்தேன்.

இசைத்தட்டு வரலாற்றுக்குள் போனபோது எனக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. இந்தியாவில் ஒலிப்பதிவு பெண்களோடுதான் தொடங்கியிருக்கிறது. 1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனிக்காரரான ஃபிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவில் ஓட்டல் அறையில் இயந்திரத்தை வைத்துப் பதிந்தபோது அந்தப் புனல் முன்னால் வந்து நின்றவர்களில் கௌஹர் ஜான் முக்கியமானவர். மூன்று நிமிடம் சொச்சத்துக்குள் பாடி முடித்துவிட்டு, கடைசியில் “என் பெயர் கௌஹர் ஜான்” என்று ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லியிருக்கிறார். அகங்காரம் என்று சிலர் நினைத்ததுண்டு. காரணம் வேறு. பதிவுகள் கப்பலில் ஜெர்மனியின் ஹனோவருக்குப் போகும். அங்கே தட்டு அச்சடிக்கிறவர்களுக்கு எந்தப் பாட்டு யாருடையது என்று தெரிய வேண்டும். குமாஸ்தாவின் வசதிக்காக வந்த ஏற்பாடு. அந்த ஏற்பாட்டால் நூறு வருஷத்துக்கு மேலாகியும் அவர் தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

தமிழ்நாட்டுக்கு இயந்திரம் வந்தபோதும் கதை இதுதான். பல வித்வான்கள் தயங்கினார்கள். இயந்திரத்தில் பாடினால் குரல் போய்விடும் என்ற பயம் இருந்தது, கண்ட வீட்டிலும் கண்ட கடையிலும் தன் பாட்டு ஒலிக்குமே என்ற கூச்சமும் இருந்தது. துணிந்து பாடியவர்களில் பெரும்பகுதி தேவதாசி மரபுப் பெண்கள். கோயம்புத்தூர் தாயி, காஞ்சிபுரம் தனகோடி, பெங்களூர் நாகரத்தினம், எங்கள் மலைக்குக் கீழே உள்ள ஊரின் பெயரைத் தாங்கிய சேலம் கோதாவரி. பெயருக்கு முன்னால் அப்பா பெயர் இல்லை, புருஷன் பெயர் இல்லை, ஊர்ப் பெயர். சேலம் கோதாவரி என்ற இரண்டு சொற்களை முதன்முதலில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட பெருமை கொஞ்சம் அசட்டுத்தனமானதுதான். ஆனாலும் ஏற்பட்டது.

கோயம்புத்தூர் தாயியின் இயற்பெயர் பழனிக்குஞ்சரம். 1872இல் பிறந்து 1917இல், நாற்பத்தைந்து வயதில் இறந்துவிட்டார். அதற்குள் ஏராளமான இசைத்தட்டுகள். அவற்றில் ஒன்று பிரான்சு வரை போனது. 1912 வாக்கில் இந்தியாவுக்கு வந்துபோன மொரீஸ் டெலாஜ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் தாயியின் தட்டைக் கேட்டுக் கேட்டு, அதைப் பின்பற்றி ‘ராகமாலிகா’ என்று ஓர் ஆக்கம் செய்தார். இன்றும் மேடைகளில் பாடுகிறார்கள். ஆக்கியவர் என்ற இடத்தில் டெலாஜ். ஜார்ஜ் டவுனில் வாழ்ந்த ஒரு பெண் எங்கே மூச்சு விட்டாள், எங்கே குரலை அடக்கினாள் என்பதெல்லாம் ஐரோப்பியத் தாளில் குறிப்பாக ஏறியது. அதற்கு என்ன பெயர் வைப்பது? நம் ஊர்க் கணக்கிலும் தாயி பாடகிதான். பதமும் ஜாவளியும் பாடினார். ‘நான்’ என்று ஒரு பெண் ஏங்குவதாக ஆண்கள் எழுதிய பாட்டுகள் அவை. ஒரு பதத்தை அரைமணி நேரம் விரித்துப் பாடும்போது அந்த விரிவு முழுக்கப் பாடுகிறவளின் ஆக்கம். ஆனால் தட்டின் லேபிளில் அதற்கென்று ஓர் இடம் கிடையாது.

அந்தத் தலைமுறையில் ஒருவருக்கு மட்டும் இந்தப் பெயர் விஷயம் உறுத்தியிருக்கிறது. பெங்களூர் நாகரத்தினம்மாள். திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பியவர் என்றே அவரை அறிந்திருப்போம். அவர் ஒரு புத்தகமும் பதிப்பித்தார். பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சாவூர் பிரதாபசிம்மன் அவையில் இருந்த முத்துப்பழனி தெலுங்கில் எழுதிய ‘ராதிகா சாந்த்வனம்’. 1887இல் வந்த அச்சுப் பதிப்பில் சில பாடல்களை வெட்டியிருந்தார்கள். அத்தோடு, முத்துப்பழனி தன் பாட்டி, தாய் என்று தன் வம்சத்தைச் சொல்லித் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் முன்பகுதியும் காணாமல் போயிருந்தது. சிருங்காரத்தை வெட்டினார்கள் என்றால் அது அந்தக் காலத்து ஒழுக்கக் கவலை என்று புரிந்துகொள்ளலாம். எழுதியவள் தன்னை யார் என்று சொல்லும் பகுதியில் என்ன ஆபாசம் இருந்திருக்கும்? நாகரத்தினம்மாள் கையெழுத்துப் பிரதியைத் தேடிப் பிடித்து, எல்லாவற்றையும் சேர்த்து 1910இல் வெளியிட்டார். மறுவருஷமே அரசு பாய்ந்து புத்தகத்தைப் பறிமுதல் செய்தது. தடை நீங்க ஏறக்குறைய சுதந்திரம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒரு பாடகி இன்னொரு பெண் எழுதியதை மீட்டாள் என்பதை நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்வேன். பண்டிதர்கள் செய்யாததை, சபைகளில் பாடிப் பிழைத்த ஒரு பெண் செய்தாள்.

பெண்கள் ஞாபகத்தால் காத்ததும் உண்டு. செங்கோட்டை ஆவுடையக்காளின் பாட்டுகள் அச்சுக்கு வருவதற்கு முன் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் வீட்டுக்குள் பாடியே பிழைத்தவை. இளம் வயதில் விதவையானவர். தீட்டும் மடியும் பொய் என்று பாடினார். அவர் பெயரும் பாட்டோடு சேர்ந்தே வந்தது. மரபு என்று யாரும் சொல்லவில்லை. சமையலறையில் மாவாட்டிக்கொண்டே பாடிய பெண்கள், இது அக்கா பாட்டு என்று சொல்லித்தான் அடுத்தவளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

இனி மலையை விட்டு இறங்குகிறேன். ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, சமவெளியைத் தொட்டு, சேலத்தை நெருங்கும்போது சாலையோரத்தில் ஒரு வளைவு நிற்கும். மாடர்ன் தியேட்டர்ஸ். டி.ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கியது. நூறு படங்களுக்கு மேல் எடுத்த ஸ்டுடியோவில் இப்போது மிச்சம் அந்த நுழைவாயில்தான். 1950இல் அங்கிருந்து வந்த ‘மந்திரி குமாரி’யில் மலையுச்சிக்கு அழைத்துப்போகும் பாட்டு ஒன்று உண்டு, திருச்சி லோகநாதனும், அப்போது பதின்ம வயதிலிருந்த ஜிக்கியும் பாடியது. எங்கள் மலைப்பாதையில் போகிற கார்களில் யாராவது ஒருவர் அதை முணுமுணுக்காமல் வளைவு ஏறுவதில்லை. கணவன் மனைவியைத் தள்ளிக் கொல்லத்தான் கூட்டிப்போகிறான். அவள் சாவதற்கு முன் உங்களை மூன்று முறை சுற்றிக் கும்பிட வேண்டும் என்று கேட்டு, சுற்றி வரும்போது அவனைத் தள்ளிவிடுகிறாள். கலைஞர் வசனம் எழுதிய அந்தக் கதை குண்டலகேசி.

தமிழ்க் குண்டலகேசிக் காப்பியத்தில் சில பாடல்களே மிஞ்சியிருக்கின்றன. அதை எழுதியவர் நாதகுத்தனார் என்பார்கள். ஆனால் அந்தப் பெண்ணின் சொந்தக் குரல் என்று பௌத்த மரபு சொல்லும் பாடல்கள் வேறோரிடத்தில் உள்ளன. பாலி மொழித் தேரிகாதையில், பத்தா குண்டலகேசா என்ற பிக்குணியின் பெயரில். அதைத் தேடிப் படித்தேன். உச்சியில் தள்ளிய கணவன் அதில் இல்லவே இல்லை. தலைமயிரைக் களைந்து, ஒற்றை ஆடையோடு அலைந்தது, புத்தர் வா என்று அழைத்தது, அங்கம், மகதம், காசி, கோசலம் என்று ஐம்பது ஆண்டு நடந்தது, நாட்டு மக்கள் இட்ட சோற்றைக் கடன்படாமல் உண்டது. இவ்வளவுதான் அவள் தன்னைப் பற்றிச் சொல்கிறாள். கணவனைத் தள்ளிய கதை பிற்கால உரையாசிரியர் சேர்த்துச் சொல்வது. உலகம் அவளை ஞாபகம் வைத்திருப்பது கணவனால். அவளுக்கு ஞாபகம் இருந்தது ஐம்பது வருஷ நடை. பெண் தானே பாடுவதற்கும் அவளைப் பற்றிப் பாடுவதற்கும் உள்ள தூரத்தை இதைவிடத் தெளிவாக நான் எங்கும் பார்க்கவில்லை. அந்தப் பாட்டை இனியும் காரில் ரசிப்பேன், ஜிக்கியின் குரலுக்காக.

தானே எழுதி, தானே மெட்டமைத்து, தானே பாடி, தன் அறையிலேயே பதிந்த ஒரு தமிழ்ப் பெண்ணைத் தேடினால் வரலாறு என்னை லண்டனுக்குக் கொண்டுபோகிறது. மாதங்கி அருள்பிரகாசம், மாயா, உலகம் அறிந்த பெயர் எம்.ஐ.ஏ. மாதங்கி என்பது இசைக்கும் கலைக்கும் உரிய தேவியின் பெயர் என்பதைப் பெற்றோர் யோசித்து வைத்தார்களோ என்னவோ. 1975இல் லண்டனில் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் போய், போர் நெருக்கியபோது சென்னையிலும் கொஞ்ச காலம் ஒண்டியிருந்து, 1986இல் தாயோடு அகதியாக லண்டன் திரும்பியவர். தந்தை அருளர் ஈழப் போராட்ட இயக்கத்தில் இருந்தார், வீட்டில் இருந்ததில்லை. தாய் கலா தையல் வேலை செய்து மூன்று பிள்ளைகளை வளர்த்தார்.

அரசுக் குடியிருப்பில் அவர்கள் வீட்டு ரேடியோவை யாரோ திருடிவிட்டார்கள். அதன்பின் பக்கத்து வீட்டிலிருந்து சுவர் வழியாக வந்த ஹிப்ஹாப்பைக் கேட்டு அந்தச் சிறுமி வளர்ந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். இந்த இடத்தைப் படித்தபோது சிரித்துவிட்டேன். எங்கள் லைன் வீடுகளில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுச்சுவர் கூரை வரை போகாது. மூன்றாம் வீட்டில் இலங்கை வானொலி வைத்தால் எங்கள் வீட்டில் கேட்கும். நான் கற்ற சினிமாப் பாட்டெல்லாம் சுவருக்கு மேலே வந்ததுதான். ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆர்மோனியமும், அம்மாவின் தோட்டத்துப் பாட்டும், அந்தச் சுவரும் சேர்ந்தது என் சங்கீதம். லண்டன் பெண்ணுக்கு ஆங்கிலமே சரியாக வராத வயதில் ஹிப்ஹாப்பின் சொல்லடுக்கும் தாளமும் அப்படி வந்து சேர்ந்தன.

மாயா இசை படிக்கவில்லை. கலைக் கல்லூரியில் சினிமா படித்தார். எலாஸ்டிகா என்ற இசைக்குழுவுக்கு அட்டை வடிவமைத்தார், அவர்களோடு சுற்றுப்பயணம் போய்ப் படம் பிடித்தார். அந்தப் பயணத்தில் பீச்சஸ் என்ற பாடகி ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு தனி ஆளாக மேடையை நிரப்புவதைப் பார்த்தார். ரோலண்ட் எம்சி-505. தாளம், சிந்தசைசர் ஒலி, அவற்றை வரிசைப்படுத்தித் திரும்பத் திரும்ப ஓடவிடும் வசதி எல்லாம் அந்த ஒன்றில் அடக்கம். எலாஸ்டிகாவின் ஜஸ்டின் ஃபிரிஷ்மன் தன் பெட்டியைக் கடன் கொடுத்தார். கவனித்தீர்களா: ஒரு பெண் செய்து காட்டுகிறாள், இன்னொருத்தி கருவி தருகிறாள், மூன்றாமவள் தன் அறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். பெட்டியும் நான்கு தடப் பதிவுக் கருவியும் ஒரு மலிவான மைக்கும் வைத்து ஆறு பாட்டுகளின் மாதிரிப் பதிவைத் தயாரித்தார். பிறகு வேறு தயாரிப்பாளர்கள் சேர்ந்தார்கள், பாட்டுகள் மெருகேறின; ஆனால் விதை அந்த அறையில் விழுந்தது. 2003இல் முதல் பாட்டு ஐந்நூறு பிரதிகள் வந்தது. 2005இல் ‘அருளர்’ ஆல்பம். அடுத்தது 2007இல் ‘கலா’. முதலாவது தந்தையின் பெயர், இரண்டாவது தாயின் பெயர். பெற்றோர் பெயரைப் பிள்ளை தன் பெயருக்கு முன்னால் போடுவது வழக்கம். இவர் தன் படைப்புகளுக்குப் போட்டார்.

பிறகுதான் எனக்கு என் தகட்டு உறை ஞாபகம் வந்த இடம். ‘அருளர்’ வெளிவந்ததும் பத்திரிகைகள் பலவும் அதன் சூத்திரதாரி டிப்லோ என்ற அமெரிக்க டிஜே என்று எழுதின. அந்த ஆல்பத்தின் பெரும்பகுதி அவரைச் சந்திப்பதற்கு முன்பே உருவாகிவிட்டது. இருவரும் சேர்ந்து 2004இல் ஒரு கலவைத் தொகுப்பு வெளியிட்டார்கள், ஆல்பத்தில் ஒரு பாட்டில் அவர் கை இருந்தது. அது போதுமாக இருந்தது. 2007இல் ஒரு பேட்டியில் மாயா வெடித்தார்: ஒரு பெண்ணுக்கு இத்தனை யோசனையும் தானாக வந்திருக்க முடியாது என்றுதானே நினைக்கிறீர்கள் என்கிற பொருளில். அவரைத் திமிர் பிடித்தவர் என்றார்கள். எட்டு வருஷம் கழித்து, 2015இல், ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க் தனக்கும் இதே நடந்தது என்று பேசியபோது மாயாவின் பேச்சையும் சேர்த்துக் குறிப்பிட்டார். அவர் வேறொன்றும் சொன்னார்: பெண்கள் ஒலிக்கலவை மேசைக்குப் பக்கத்தில், கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் படங்களை வெளியிட வேண்டும், பாடும் படம் மட்டும் இருந்தால் பாடியதாக மட்டுமே நம்புவார்கள். நான் அன்று இரவே என் செல்போனைச் சுவரில் சாய்த்துவைத்து, கணினி முன்னால் உட்கார்ந்து ஒரு படம் எடுத்தேன். மைக்குக்கு மேல் போர்த்திய அம்மாவின் பழைய கம்பளிதான் அதில் பெரிதாகத் தெரிகிறது.

மாயாவைப் புனிதராக்க எனக்கு ஆசையில்லை. ‘கலா’ ஆல்பத்துக்காக அவர் சென்னைக்கு வந்து உறுமி மேளக்காரர்களை வைத்துப் பதிந்தார். அந்த உறுமிச் சத்தம் உலகெல்லாம் போனது. மேளக்காரர்கள் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? கேட்கிறவர்களுக்கு அது தமிழ்நாட்டுத் தாளம். அதாவது மரபு. பறையும் உறுமியும் வாசிக்கிற சாதிகளின் உழைப்பை இப்படிப் பொதுப்பெயரில் கரைப்பது நமக்கும் பழக்கமானதுதான். நம் சினிமா பல காலமாகச் செய்துவருகிறது. தேவதாசிப் பெண்களின் பதமும் ஜாவளியும் அப்படித்தான் மயிலாப்பூருக்குக் குடிபோய் ‘நம் மரபு’ ஆயின. பாடியவர்களின் பேத்திகள் மேடையேறக் கூசினார்கள். பெயர் பறிபோனவள் இன்னொருவர் பெயரைப் பறிக்காமல் இருப்பாள் என்பதற்கு உத்தரவாதம் எதுவும் கிடையாது. எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஏழாவது பாட்டை ‘எழுதியது: நான்’ என்று அச்சடித்திருந்தால் நான் சந்தோஷமாக மலையேறியிருப்பேன். அந்த நான்கு வரி அப்போது ஞாபகம் வந்திருக்குமா?

வீட்டில் பதிவது பற்றி நடைமுறையாகச் சில விஷயம் சொல்ல வேண்டும். கேட்டு எழுதும் மாணவிகள் இருக்கிறார்கள். நல்ல அறை என்பது எதிரொலி இல்லாத அறை. வெறும் சுவர் எதிரொலிக்கும், துணி விழுங்கும். பீரோவைத் திறந்துவைத்து, தொங்கும் சேலைகளைப் பார்த்தபடி பாடினால் ஆயிரக்கணக்கில் செலவழித்துப் பஞ்சுப் பலகை அடித்த அறைக்குப் பக்கத்தில் வந்துவிடலாம். வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி மைக். செல்போனில் பதிந்தால் அதை விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். தகரக் கூரைக்கு மருந்தில்லை. ஐப்பசி கார்த்திகையில் மழை இறங்கினால் வேலை நடக்காது; சாரலாக இருந்தால் நான் அதையும் சேர்த்தே பதிந்துவிடுகிறேன். பகலில் குக்கர், நாய், பக்கத்து வீட்டு டிவி. ராத்திரி பத்து மணிக்கு மேல் தவளையும் சில்வண்டும் மட்டும். அந்த நேரத்தில் பாட வீட்டில் மற்றவர்கள் தூங்க வேண்டும், அவர்கள் தூங்க நான் மெதுவாகப் பாட வேண்டும். என் பாட்டுகள் எல்லாம் ஏன் இவ்வளவு தாழ்ந்த சுருதியில் இருக்கின்றன என்று ஒரு தோழி கேட்டாள். கலைத் தேர்வு என்று நினைத்தாளாம்.

கதவைச் சாத்துவது என்பதும் எழுதியதுபோல எளிதில்லை. கடனாக வாங்கிய பெட்டியைவிட அந்தச் சாத்திய அறைதான் மாயாவிடம் எனக்குப் பொறாமை தந்தது. என் கணவர் நல்லவர். ஆனால் இரண்டாம் சரணத்தில் வந்து தீப்பெட்டி எங்கே என்று கேட்பார். பல பதிவுகளில் அந்தக் கேள்வி இருக்கிறது. முன்பெல்லாம் அதை வெட்டிவிடுவேன்.

போன மார்கழியில் அம்மாவை உட்காரவைத்து அந்த நான்கு வரியை அவள் குரலிலேயே பதிந்தேன். எழுபது தாண்டிவிட்டாள்; மூச்சு இழுக்கிறது, சுருதி அசையவில்லை. கௌஹர் ஜானின் கதையை அவளுக்குச் சொல்லியிருந்தேன். பாடி முடித்ததும் “உன் பேரைச் சொல்லும்மா” என்றேன்.

“எதுக்குடி கண்ணு? எனக்குத் தெரியாதா என் பேரு?”

“கேக்கறவங்களுக்குத் தெரியணும்.”

“அப்ப என் பேரு மட்டும் சொன்னா நாயமா? மொத அடி நான் போட்டதே இல்ல. அது மேல்காட்டு வரிசைல இருந்தவ போட்டது.” ஒரு பெயரைச் சொன்னாள். “பொட்டியப் பத்தி வர்ற அடி அவ கொழுந்தியா.” இன்னொரு பெயர். கடைசியில் தன் பெயரையும், கொஞ்சம் வெட்கத்தோடு. அந்தப் பெயர்கள் பதிவில் இருக்கின்றன. அவர்கள் வீட்டாரைக் கேட்காமல் இங்கே எழுத எனக்கு உரிமையில்லை.

“மூணாவது அடி?” என்றேன்.

அம்மா யோசித்தாள். தருமபுரிப் பக்கத்துக்காரி. இரண்டு பறிப்புக்கு வந்தாள், மூன்றாம் வருஷம் வரவில்லை. மூக்குத்தி வலப்பக்கம் குத்தியிருப்பாள். கைக்குழந்தையை வரிசை ஓரத்தில் தூளியில் போட்டுவிட்டுப் பறிப்பாள். “பேரு நாக்குலயே நிக்குது” என்றாள். நான் பதிவை நிறுத்தவில்லை. பதினோரு நிமிஷம் அப்படியே ஓடியிருக்கிறது. அம்மா ஒவ்வொரு பெயராகச் சொல்லிப் பார்த்து, இது இல்லை, இது இல்லை என்கிறாள். நடுவில் தீப்பெட்டி எங்கே என்று ஒரு குரல் கேட்கிறது.